பசி எவருடையது? ஒவ்வாமை மாத்திரையும் உடற்கொழுப்பும் உயிரின் பொறுப்பும்

உடல் பருத்த ஒருவரைக் கண்டதும் அவருக்கு வாயடக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் ஆழ வேரூன்றியது; உண்டி சுருக்குதலை அறமாகவும் உண்டி மிகுதலைக் குற்றமாகவும் கொண்ட நெடிய மரபு அந்த முடிவுக்குப் பின்புலமாக நிற்கிறது. ஆனால் அரிப்புக்கும் தும்மலுக்கும் என்று நாள்தோறும் விழுங்கப்படும் ஒரு சிறு மாத்திரை, பசியைத் தணிக்கும் மூளை நரம்புகளின் வேலையைத் தளர்த்தி, கொழுப்புத் திசு தன் இருப்பைக் கரைக்கும் வேகத்தையும் குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கியபின், அந்த முடிவை மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது. மாத்திரை எழுப்பிய பசிக்கு உண்டவரின் உயிர் எந்த அளவுக்குப் பொறுப்பாகும் என்பது மருத்துவர் மட்டும் விடை சொல்லி முடிக்கத்தக்க கேள்வியன்று. உடல் வேறு, கருவிகள் வேறு, உயிர் வேறு என்று பகுத்துக் காட்டிய சைவ சித்தாந்தத்துக்கும் அதில் பங்குண்டு. அந்தச் சித்தாந்தத்துக்குத் தமிழில் எழுந்த மிகப் பெரிய உரையை எழுதியவர், தாமிரபரணி மலையைவிட்டு இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் என்பதால், இக்கேள்வியை அந்த ஆற்றின் கரையில் வைத்து ஆராய்வது பொருத்தமே.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஒவ்வாமை புதிய நோயன்று. காரும் பிசானமும் என்று இரு போகம் விளையும் வயல்களில் அறுப்பும் அடிப்பும் நடக்கும் நாள்களில் நெல்லின் சுணை உடலெங்கும் அரிப்பை மூட்டுவதும், தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் காலத்தில் ஈரம் ஏறிய சுவர்களில் பூஞ்சை படர்ந்து மூக்கடைப்பையும் தும்மலையும் கொண்டுவருவதும் அங்குள்ளோர் நன்கறிந்தவை. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் முதலிய ஊர்களில் மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை அடைத்து, நூலைச் சுற்றிப் பீடி கட்டும் பெண்கள் நாள் முழுவதும் சுவாசிப்பது புகையிலைத் தூசி கலந்த காற்றையே. சித்த மருத்துவம் தோல் தடிப்பைக் காணாக்கடி என்றும், நாள்பட்ட மூக்குநீர் நோயைப் பீனிசம் என்றும் பெயரிட்டு முன்பே வகைப்படுத்தியுள்ளது. இன்று இவை அனைத்துக்கும் பொதுவான விடையாக மருந்துக்கடையில் கிடைப்பது ‘அலர்ஜி மாத்திரை’. அவில், சி.பி.எம்., செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் என்ற பெயர்களில் அதை மருத்துவரின் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கும் பழக்கம் நாடெங்கும் உண்டு. ஒருநாள் தும்மலுக்கு ஒரு மாத்திரை என்பதில் கவலைப்பட ஏதுமில்லை. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட தடிப்பு நோய்க்கோ அதே மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தேவைப்பட்டால் வழக்கமான அளவின் நான்கு மடங்கு வரையிலும் கொடுக்கப்படுகிறது. இக்கட்டுரையின் கவலை அத்தகைய நெடுநாள் பயன்பாட்டைப் பற்றியது.

இம்மருந்துகள் எதிர்த்து நிற்கும் பொருளின் பெயர் ஹிஸ்டமின். இங்கிலாந்தில் ஹென்றி டேல் குழுவினர் 1910ஆம் ஆண்டளவில் இதன் செயலை விரித்துரைத்தனர். உடலில் மாஸ்ட் செல் எனப்படும் காப்பு அணுக்கள் இதைச் சேமித்து வைத்திருந்து, ஒவ்வாத பொருள் நுழைந்ததும் வெளியே கொட்டுகின்றன. கொட்டப்பட்ட ஹிஸ்டமின், அணுக்களின் மேற்பரப்பில் அதை ஏற்றுக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் படிந்து தன் வேலையைச் செய்கிறது. அத்தகைய ஏற்பிகள் நான்கு வகைப்படும்; அரிப்பு, வீக்கம், தும்மல் ஆகியவற்றுக்குக் காரணமாவது எச்-1 என்னும் முதல் வகை. அதை மறிக்கும் மருந்துகளை உருவாக்கிய பணிக்காக டேனியல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார். அவில் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைந்து தூக்கத்தைக் கொண்டுவருகின்றன. செட்டிரிசின், பெக்ஸோபெனடின் முதலிய இரண்டாம் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் குறைவாகவே நுழைகின்றன, அவற்றுள்ளும் பெக்ஸோபெனடின் மிக மிகக் குறைவு.

மூளைக்குள் நுழைவதே இங்கு முக்கியமாகிறது. அரிப்பைத் தரும் அதே ஹிஸ்டமின், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதியில் சில நரம்பணுக்களால் சுரக்கப்பட்டு, முற்றிலும் வேறான இரு வேலைகளைச் செய்கிறது: மனிதரை விழித்திருக்கச் செய்கிறது, உண்டது போதும் என்னும் நிறைவை உணர்த்துகிறது. மேலும் அது பரிவு நரம்புகளின் வழியே கொழுப்புத் திசுவுக்குச் செய்தி அனுப்பி, சேமித்த கொழுப்பைக் கரைக்கவும், உடல் வெப்பத்துக்காகக் கொழுப்பை எரிக்கும் பழுப்புக் கொழுப்பைத் தூண்டவும் செய்கிறது. கொழுப்புத் திசுவும் வாளாவிருக்கும் வெறும் கிடங்கன்று. 1994இல் ஜெப்ரி ப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் என்னும் இயக்குநீரைச் சுரந்து, ‘இருப்பு போதுமான அளவு உள்ளது’ என்று மூளைக்கு அது தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. லெப்டின் சொல்லும் சொல்லை மூளை செயலாக்கும் வழிகளுள் ஹிஸ்டமினும் ஒன்று. எச்-1 ஏற்பியை மறித்தால் அந்த வழி அடைபடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று ஜப்பானில் நடந்து 2004இல் வெளியாயிற்று. பிறவியிலேயே எச்-1 ஏற்பி இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளை ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தனர். பன்னிரண்டு வார வயதில் அவை பருக்கவில்லை. ஆனால் அப்போதே லெப்டினுக்கு அவற்றின் உடல் சரியாக இணங்கவில்லை. நாற்பத்தெட்டு வார வயதில் அவை மிகுதியாக உண்டு பருத்துவிட்டன. வெப்பம் உண்டாக்க உதவும் புரதமும் அவற்றில் குறைந்திருந்தது. பருமன் வருவதற்கு முன்பே அவற்றின் உணவு வேளை குலைந்திருந்தது என்பதே ஆய்வின் கூர்மையான பகுதி: எலி இரவில் உண்டு பகலில் உறங்கும் உயிர், ஏற்பியை இழந்த எலிகளிடம் அந்த இரவு பகல் ஒழுங்கு முதலில் கலைந்தது, கொழுப்பு பின்னர் வந்து சேர்ந்தது. ஆய்வாளர் அவற்றுக்கு உணவை வேளை வகுத்துக் கொடுத்தபோது, ஏற்பி இல்லாத நிலையிலும் பருமனும் அதைச் சார்ந்த கேடுகளும் குறைந்தன. இந்தக் கடைசிச் செய்தி தத்துவ நோக்கில் விலைமதிப்பற்றது. அது பின்னர் எடுத்துக்கொள்ளப்படும்.

மனிதரைப் பற்றிய சான்று இவ்வளவு தெளிவாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வில் 2005–2006 காலத்தில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2010இல் வெளியான கட்டுரை, மருத்துவர் எழுதிக்கொடுத்த எச்-1 எதிர்ப்பு மருந்துகளை உட்கொண்டவர்களிடம் எடையும் இடுப்புச் சுற்றளவும் இன்சுலின் அளவும் கூடியிருந்ததாகக் காட்டியது. இது தொடர்பு மட்டுமே, காரணமாகிவிடாது. பருத்தவர்க்கு ஒவ்வாமை மிகுவதாலும், நோயால் உறக்கமும் நடமாட்டமும் குறைவதாலும், இடையிடையே ஸ்டீராய்டு மாத்திரை சேர்வதாலும் அந்த வேறுபாடு எழுந்திருக்கலாம். எனினும் வேறு திசைகளிலிருந்து வரும் சான்றுகள் மாத்திரையின் மீதான ஐயத்தை வலுவாக்குகின்றன. சிப்ரோஹெப்டடின் என்னும் பழைய ஒவ்வாமை மருந்து, உண்ண மறுக்கும் மெலிந்த பிள்ளைகளுக்குப் பசியைத் தூண்டுவதற்கென்றே கொடுக்கப்படுகிறது; அது செரட்டோனின் என்னும் வேறொரு பொருளையும் மறிப்பதால் பழி முழுவதையும் ஹிஸ்டமின் மேல் ஏற்ற முடியாது. மனநோய்க்கான ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் உடலைப் பருக்கச் செய்வதில் முன்னிற்பதற்கு, அவை எச்-1 ஏற்பியை இறுகப் பற்றுவதே முதன்மையான அடையாளம் என்று 2003இல் ஓர் ஆய்வு கண்டது. கொழுப்பு மிகுந்த உணவோடு எச்-1 எதிர்ப்பு மருந்தும் பெற்ற எலிகளின் கல்லீரலில் கொழுப்பு மேலும் படிந்ததாக 2014இல் இன்னொரு ஆய்வு தெரிவித்தது. நெய்யும் சர்க்கரையும் கோதுமைப்பாலும் சேர்ந்த அல்வாவைப் பெருமையாகக் கொண்ட தாமிரபரணிக் கரை இச்செய்தியைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

எதிர்ச்சான்றும் உண்டு. மாஸ்ட் செல்கள் கொழுப்புத் திசுவுக்குள்ளும் குடியிருந்து அழற்சியை வளர்க்கின்றன. அவற்றை அமைதிப்படுத்தும் கீட்டோட்டிபென் என்னும் மருந்து, அதுவும் எச்-1 ஏற்பியை மறிப்பதே, எலிகளின் பருமனைக் குறைத்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒவ்வாமை மாத்திரை எல்லாமே உடலைப் பருக்கச் செய்யும் என்று பொதுவிதி வகுப்பது பிழை. மூளைக்குள் நுழையும் மருந்தை நெடுநாள் உட்கொண்டால் சிலருக்குப் பசியும் கொழுப்பும் கூடும் வாய்ப்பு உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. தத்துவக் கேள்வி எழ அந்த ‘சிலருக்கு’ என்பதே போதும். பசி என்று ஒருவர் உணர்வது ஓர் ஏற்பியின் நிலையைப் பொறுத்து மாறுமானால், அப்பசிக்கு இணங்கியதைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழில் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட சிறுநூல். விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கர் என்னும் இயற்பெயரோடு பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, 1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர் அதற்குச் சிற்றுரையும் மாபாடியம் என்னும் பேருரையும் எழுதினார். சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் என்று ஒன்று உண்டு என்பதை ஏழு அதிகரணங்களாக, அதாவது ஏழு தனித்தனி வாதக் கூறுகளாக, நிறுவுகிறது. ‘என் உடல்’ என்று ஒருவர் சொல்லும்போதே உடலை உடைமையாகவும் தம்மை உடையவராகவும் கொள்வதால், உடலே உயிர் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டே இருந்தும் நுகர்வும் தொழிலும் நிகழாததால், மூச்சாகிய பிராணனும் உயிர் ஆகாது என்பது இன்னொன்று. அச்சூத்திரம் உடலை மாயையால் ஆகிய ஓர் இயந்திரமாகவே காண்கிறது. மாயை என்பது பொய்த்தோற்றம் அன்று, உலகும் உடலும் தோன்றுவதற்கு முதலாக உள்ள மெய்ப்பொருள் என்பது சித்தாந்தத்தின் துணிபு.

நுகர்வாகிய உண்டியும் தொழிலும் உறக்கத்தில் ஒருசேர ஒழிவதை மூன்றாம் சூத்திரம் சான்றாக எடுத்தாள்வது கருதத்தக்கது. ஹைபோதலாமஸில் ஹிஸ்டமின் சுரக்கும் நரம்பணுக்கள் விழிப்பில் சுறுசுறுப்பாக இயங்கி உறக்கத்தில் அடங்கிவிடுகின்றன என்பதையும், விழிப்பும் உணவு வேளையும் அதே பொருளால் ஒழுங்குபெறுகின்றன என்பதையும் இக்கால ஆய்வு கண்டறிந்தது. மெய்கண்டார் ஹிஸ்டமினை முன்னறிந்தார் என்று சொல்லித் திரிவது நூலுக்கும் அறிவியலுக்கும் ஒருசேர இழைக்கும் அவமதிப்பு. சூத்திரம் நாடுவது உயிரின் இருப்பை. ஆய்வு நாடுவது நரம்பின் வேலையை. ஆனால் உண்ணும் விருப்பமும் விழிப்பும் கருவிகளின் நிலையைப் பொறுத்து வந்து போவன, உயிரின் இயல்பாக என்றும் நிற்பன அல்ல என்னும் நுட்பமான நோக்கு இரண்டுக்கும் பொது.

நான்காம் சூத்திரம் இதை இன்னும் முன்னே கொண்டுசெல்கிறது. உயிர், மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள், அல்ல. ஆயினும் அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடியே அது உலகை அறிகிறது, செயல்படுகிறது. அமைச்சர் கொண்டுவரும் செய்தி பிழையானால் அரசனின் ஆணையும் பிழைபடும். அதற்காக அரசன் கொடுங்கோலன் ஆகிவிடமாட்டான். கொழுப்பின் இருப்பு நிறைந்திருந்தும் இல்லை என்ற செய்தி வருமானால் உயிர் பசியையே உணரும். சித்தாந்தம் உயிரின் இந்த இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று குறிக்கிறது: எதனைச் சார்கிறதோ அதன் தன்மையையே தன் தன்மையாகக் கொள்ளுதல். விருப்பம்கூட உயிரில் தானே கிளர்வதில்லை. உயிரை மறைக்கும் இருளாகிய ஆணவ மலம் மூடியுள்ள இச்சை ஆற்றலைச் சிறிது விளங்கச் செய்வதற்கென்றே அராகம் என்னும் தத்துவத்தைச் சித்தாந்தம் எண்ணி வைத்திருக்கிறது. விரும்புவதற்கே கருவி வேண்டும் என்று கண்ட ஒரு தத்துவம், கருவி திரிந்ததால் எழுந்த விருப்பத்தை உயிரின் இழிவாகக் கொள்ள இடம் தருவதில்லை.

இங்கு ஒரு தடை எழும். எல்லாம் வினைப்பயன், பருமனும் பிராரத்த வினையின் வழி வந்ததே, மாத்திரையைக் குறைகூறுவதில் பயன் என்ன என்று கேட்பவர் உண்டு. பிராரத்தம் என்பது இப்பிறவியில் நுகர்வதற்காக முதிர்ந்து வந்த வினை. அது நுகர்ந்தே கழியும் என்பது உண்மை. ஆனால் வினை அறிவற்ற சடம், தானாக எவரையும் சென்று பற்றாது, இறைவனே அதை உயிருக்குச் சேர்ப்பிக்கிறான் என்பதும், அது கண்முன் உள்ள காரணங்களின் வழியாகவே வந்து சேரும் என்பதும் அதே சித்தாந்தத்தின் கொள்கை. காரணம் கண்ணுக்குத் தெரிந்தபின் அதை விசாரிக்காமல் வினை என்று கைவிடுவது பக்தியாகாது, சோம்பலே. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து, தணிக்கும் வழியும் அறிந்து செய்ய வேண்டும் என்று மருத்துவனுக்குப் பணிக்கிறது. அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியதே. உண்பவனுக்கும் மருத்துவனுக்கும் அது ஒருங்கே கடமை வகுக்கிறது.

அளவறிந்து உண்பது கூடாத காரியமாகும்போது என்ன செய்வது என்பதற்கு, ஏற்பி இல்லாத அந்த எலிகள் விடை வைத்திருக்கின்றன. அவற்றின் பசியை எவரும் அடக்கவில்லை; மன உறுதியைப் புகட்டவும் இல்லை; வேளை ஒழுங்கு ஒன்றே வெளியிலிருந்து தரப்பட்டது, கொழுப்பு குறைந்தது. சைவ நெறி சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்து, உடலால் செய்யும் தொண்டாகிய சரியையை முதலில் வைத்ததன் காரணமும் இதனோடு ஒத்துச்செல்வது: உள்ளம் திருந்தும்வரை காத்திராமல், உடலின் நடைமுறையை முதலில் ஒழுங்கில் நிறுத்துகிறது அது. சோமவாரத்தில் ஒருவேளை உணவு, சஷ்டி விரதம், பூசை முடியும்வரை உண்ணாமை என்னும் நியமங்கள் தண்டனையாகக் கற்பிக்கப்பட்டதனாலேயே மெலிந்தவர் பெருமிதத்துக்கும் பருத்தவர் குற்றவுணர்வுக்கும் ஆளாயினர். அவற்றைப் பசித்த கருவிக்குத் துணையாக நிற்கும் கால ஒழுங்கு என்று கொள்வதே சித்தாந்தத்துக்கு நெருக்கமானது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடப்பது தீங்கு என்பதால், ஒழுங்கு என்பது வேளை தவறாமையையே குறிக்கும், பட்டினியை அன்று.

பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கப்படும் மருத்துவ முறை, உடலைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்னும் ஏழு உடற்கட்டுகளால் ஆனதாகக் கொள்கிறது. கொழுப்பு அங்கே கழிவாக அன்றி, ஊனுக்கும் என்புக்கும் இடையே தன் கடமையோடு நிற்கும் ஒரு கட்டாக எண்ணப்படுகிறது. கொழுப்பைச் செய்தி அனுப்பும் உறுப்பாகக் காணும் இன்றைய உடலியலும் அதை வெறுக்கத்தக்க பொருளாக நினைப்பதில்லை. வெறுப்பு சமூகத்தின் பார்வையில் மட்டுமே தங்கியிருக்கிறது. அந்த வெறுப்பு, பீடித் தட்டின் முன் நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்து, தும்மலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மாலையில் கண் செருகப் பசியோடு எழும் பெண்ணின் மீதே மிகக் கொடிதாக விழுகிறது. அவளிடம் ‘சோற்றைக் குறை’ என்பவர், அவள் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

மருந்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இன்னொரு செய்தியும் உண்டு. செட்டிரிசின் அல்லது லீவோசெட்டிரிசினை நெடுநாள் நாள்தோறும் உட்கொண்டவர் நிறுத்தும்போது, அரிதாகச் சிலருக்குக் கடும் அரிப்பு எழுவதாகக் கண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரிக்கை விடுத்தது. அரிப்புக்காகத் தொடங்கிய மருந்தை நிறுத்தினால் அரிப்பே திரும்ப வரும் நிலையில், அதைத் தொடர்வதும் நோயாளியின் விருப்பம் என்று சொல்லிவிட முடியாது. ஆகையால் இம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது தக்கதன்று. மருத்துவரின் துணையோடு படிப்படியாகக் குறைப்பதோ, மூளைக்குள் குறைவாக நுழையும் மருந்துக்கு மாறுவதோ, ஒவ்வாமையின் மூலத்தைத் தேடி நீக்குவதோ வழியாகும்.

நாள்பட்ட ஒவ்வாமைக்கு மாத்திரை எழுதும் மருத்துவரும் அதை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரரும், ‘தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள்’ என்று சொல்லும்போதே ‘பசி கூடினால் வந்து சொல்லுங்கள்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பதால் எடைப் பொறி மட்டும் போதாது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்னும் இடுப்பளவைக் கடக்கிறதா என்று மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து குறித்துவைப்பது நோயாளியின் பங்கு. அந்த அளவு கூடிவரக் கண்டால், அவருடைய அடக்கத்தைச் சோதிக்கும் முன் அவருடைய மருந்துச் சீட்டைப் படித்துப் பாருங்கள்.